ஒரே ஆட்டக்காரரின் பேஸ்பால் கார்டுகளைச் சேர்ப்பது எப்படி? கென் கிரிஃபி ஜூனியரை வைத்து ஒரு செய்முறை

ஆட்டக்காரரின் படமும் விவரமும் அச்சிட்ட சின்ன அட்டைதான் பேஸ்பால் கார்டு. அதைச் சேர்க்க ஆரம்பிப்பவர்கள் பலரும் முதலில் செய்வது, கடையில் கண்ணில் பட்ட பாக்கெட்டை வாங்கிப் பிரிப்பது. பிரிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் கொஞ்ச நாளில் அலமாரி நிறைந்துவிடும். அதில் பாதிப் பேர் யாரென்றே தெரியாது. பிடித்த ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு அவருடைய கார்டுகளைத் தேடிப் போனால் கதையே வேறு. செலவு கைக்குள் நிற்கும். ஒவ்வொரு கார்டையும் எதற்காக வாங்கினோம் என்பது மறக்காது. வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒரு மனிதரின் மொத்த ஆட்ட வாழ்க்கையும் அதில் தெரியும்.

இங்கே நான் எடுத்துக்கொண்டிருப்பது கென் கிரிஃபி ஜூனியரை. அமெரிக்க பேஸ்பால் அணியான சியாட்டில் மரினர்ஸ், புதிய ஆட்டக்காரர்களை அணிகள் எடுக்கும் 1987 தேர்வில் முதல் ஆளாக எடுத்தவர். 1989 முதல் 2010 வரை ஆடியவர். மொத்தம் 630 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடி). 1990 முதல் 1999 வரை பத்து ஆண்டும் விடாமல் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் க்ளவ் விருது. 2016-ல் 99.3 சதவீத ஓட்டோடு, பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். அப்பா கென் கிரிஃபி சீனியரும் பெரிய ஆட்டக்காரர். 1990 செப்டம்பர் 14 அன்று இருவரும் ஒரே அணியில் ஆடி, அடுத்தடுத்து ஹோம் ரன் அடித்தார்கள். இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். கார்டு தொழில் உச்சத்தில் இருந்த காலத்தில் அதன் முகமாகவே இருந்தவர் இவர். அதனால் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் கார்டும் உண்டு, கார் வாங்கும் விலைக்கு விற்கும் கார்டும் உண்டு. கற்றுக்கொள்ள இவரைவிட நல்ல உதாரணம் கிடையாது. உங்களுக்குப் பிடித்தவர் இச்சிரோவாகவோ டெரெக் ஜீட்டராகவோ இருந்தாலும் வழிமுறை இதேதான்.

படி 1: வாங்குவதற்கு முன் எல்லை போடுங்கள்

இதுதான் மிக முக்கியமான படி. பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். கிரிஃபிக்கு இதுவரை வந்திருக்கும் கார்டுகள் பல ஆயிரம். ஓய்வு பெற்ற பிறகும் டாப்ஸ் நிறுவனம் ஆண்டுதோறும் புதிதாகப் போட்டுக்கொண்டே இருக்கிறது. 'எல்லாவற்றையும் சேர்ப்பேன்' என்று இறங்கினால் முடிவே இருக்காது, பணமும் தங்காது.

ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். உதாரணமாக: 'அவர் ஆடிய காலத்தில், 1990 முதல் 2010 வரை, டாப்ஸ் வெளியிட்ட முதன்மைத் தொகுப்பில் ஆண்டுக்கு ஒரு கார்டு.' இருபத்துச் சொச்சம் கார்டுதான். கார்டு செருகும் பைகள் உள்ள ஒரு பைண்டரின் மூன்று பக்கத்தில் அடங்கிவிடும். அல்லது 'மரினர்ஸ் உடையில் இருக்கும் கார்டு மட்டும்', 'அறிமுக ஆண்டுக் கார்டு மட்டும்', 'அப்பாவும் மகனும் சேர்ந்து இருக்கும் கார்டு மட்டும்' என்று போகலாம். கடைசியாகச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த எல்லை. சின்ன சேகரிப்பு, பெரிய செலவு இல்லை, காட்டினால் எல்லோருக்கும் உடனே புரியும்.

இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் அமைப்பான மேஜர் லீகின் உரிமம் இல்லாத நிறுவனங்கள் போடும் கார்டுகளில் தொப்பியிலும் சட்டையிலும் அணியின் சின்னம் இருக்காது. அவை வேண்டுமா, வேண்டாமா? நான் சேர்ப்பதில்லை. மரினர்ஸ் சின்னம் இல்லாத கிரிஃபியைப் பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

படி 2: பட்டியலும் சில சொற்களும்

ட்ரேடிங் கார்டு டேட்டாபேஸ் என்ற இணையதளத்தில் ஆட்டக்காரர் பெயரைத் தேடினால், ஆண்டுவாரியாக எல்லாக் கார்டும் எண்ணோடு வரும். உங்கள் எல்லைக்குள் வருவதை மட்டும் எடுத்து ஒரு எக்செல் தாளில் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டு, தொகுப்பு, கார்டு எண், நிலை, கொடுத்த விலை என்று ஐந்து பத்தி போதும்.

பட்டியலைப் பார்க்கும்போது சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பேஸ் என்றால் தொகுப்பின் சாதாரணக் கார்டு. இன்சர்ட் என்பது சில பாக்கெட்டுகளில் மட்டும் கூடுதலாக வைக்கப்படுவது. பேரலல் என்பது அதே பேஸ் கார்டு வேறு நிறத்திலோ பளபளப்பிலோ வருவது. 1993 டாப்ஸ் ஃபைனஸ்டில் வந்த ரிஃப்ராக்டர் இதற்குப் பெயர் பெற்றது. வெளிச்சத்தில் சாய்த்தால் வானவில் நிறம் ஓடும். சில பேரலல்களில் 24/99 என்பது போல எண் அச்சிட்டிருக்கும். 99 கார்டு அச்சடித்ததில் இது 24-வது என்று அர்த்தம். கிரிஃபியின் சட்டை எண்ணும் 24 என்பதால் அந்த ஒரு கார்டுக்கு மட்டும் விலை எகிறும்.

சட்டை எண்ணைச் சொன்னதால் ஒரு சின்ன உத்தி. மரினர்ஸில் அவர் எண் 24. 2000-ல் சின்சினாட்டி ரெட்ஸுக்குப் போனதும் அப்பா போட்டிருந்த 30-ஐ எடுத்துக்கொண்டார். 2006-லிருந்து 3. 2008-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குப் போனபோது 17. 2009-ல் சியாட்டிலுக்குத் திரும்பியதும் மறுபடி 24. படத்தில் முதுகு தெரிந்தால் போதும், எந்தக் காலத்துப் படம் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

படி 3: அறிமுக ஆண்டிலிருந்து தொடங்குங்கள்

ஒரு ஆட்டக்காரரின் முதல் ஆண்டுக் கார்டை ரூக்கி கார்டு என்பார்கள். கிரிஃபிக்கு 1989-ல் முக்கியமானவை ஆறு: அப்பர் டெக் எண் 1, டான்ரஸ் எண் 33, ஃப்ளீர் எண் 548, பவ்மேன் எண் 220, டாப்ஸ் ட்ரேடட் 41டி, ஸ்கோர் ரூக்கி அண்ட் ட்ரேடட் 100டி. டாப்ஸும் ஸ்கோரும் அந்த ஆண்டின் முதன்மைத் தொகுப்பில் அவரைச் சேர்க்கவில்லை. பின்னால் பெட்டியாக விற்ற கூடுதல் தொகுப்பில்தான் அவர் வருகிறார். அதனால் 1989 டாப்ஸ் பாக்கெட்டை எத்தனை பிரித்தாலும் கிரிஃபி கிடைக்க மாட்டார்.

இந்த ஆறில் அப்பர் டெக்கைத் தவிர மற்ற ஐந்தும் சாதாரண நிலையில் சில டாலருக்கே கிடைக்கும். அந்தக் காலத்தில் அவ்வளவு அச்சடித்துத் தள்ளினார்கள். முதலில் இந்த ஐந்தையும் வாங்குங்கள். கையில் எடுத்துப் பார்த்துப் பழக இவைதான் சரி.

அப்பர் டெக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த நிறுவனம் முதன்முதலில் கார்டு வெளியிட்டது 1989-ல்தான். மற்றவர்களைவிட விலை அதிகம். நல்ல காகிதம், பின்பக்கம் ஹாலோகிராம், பிரித்து ஒட்ட முடியாத பாக்கெட். தொகுப்பின் முதல் எண்ணை, மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடாத 19 வயதுப் பையனுக்குக் கொடுத்தார்கள். படம் எடுத்தபோது அவர் சான் பெர்னார்டினோ ஸ்பிரிட் என்ற சிறிய லீக் அணியின் உடையில் இருந்தார். அச்சுக்குப் போகும் முன் தொப்பியை மட்டும் மரினர்ஸ் தொப்பியாக மாற்றினார்கள். கையில் கிடைத்தால் தொப்பியை உற்றுப் பாருங்கள், அதன் நிறம் படத்தின் மற்ற பகுதியோடு முழுதாக ஒட்டாது. தோளில் மட்டை, கழுத்தை மூடிய நீலச் சட்டை, முகம் நிறையச் சிரிப்பு. பேஸ்பாலே தெரியாதவர்கள்கூட அந்தச் சிரிப்பைப் பார்த்து நின்றுவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

இந்தக் கார்டு அரிதானது இல்லை. விலை ஏறுவது நிலையைப் பொறுத்துத்தான். கார்டின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போடும் பி.எஸ்.ஏ. போன்ற தர நிறுவனம் முழு மதிப்பெண்ணான 10 கொடுத்த கார்டு ஆயிரம் டாலரைத் தாண்டும். மூலை கொஞ்சம் மழுங்கிய கார்டு அதில் சிறு பங்கு விலைக்கு வரும். பைண்டரில் வைத்துப் பார்க்கத்தான் என்றால் இரண்டாவதே போதும்.

படி 4: தேடுவதும் விலை பார்ப்பதும்

ஈபேயில் விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். 'விற்றவை' என்ற வடிகட்டியைப் போட்டு, கடைசியாக எந்த விலைக்குக் கைமாறியது என்று பாருங்கள். கேட்கும் விலைக்கும் விற்ற விலைக்கும் சில சமயம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும்.

தேடும்போது 'ஜூனியர்' சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் அப்பாவின் 1970-கள் கார்டும் சேர்ந்து வரும். அப்புறம், பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போன விளம்பரங்களையும் தேடிப் பாருங்கள். கிரிஃபியின் பெயரை ஆங்கிலத்தில் தப்பாக எழுதுபவர்கள் நிறைய. அங்கே போட்டிக்கு ஆள் குறைவு.

ஒரு டாலர் கார்டுக்கு நாலு டாலர் தபால் செலவு கட்டுப்படியாகாது. அதனால் ஒரே விற்பனையாளரிடம் பத்துக் கார்டாகச் சேர்த்து வாங்குங்கள். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பல பேரிடம் வாங்கிய கார்டுகளை உங்கள் கணக்கில் சேர்த்து வைத்து, கேட்கும்போது ஒரே பார்சலாக அனுப்பும் காம்சி போன்ற தளங்கள் அப்போது கைகொடுக்கும்.

கையெழுத்துக் கார்டு வாங்குவதாக இருந்தால், கார்டு நிறுவனமே சான்று கொடுத்ததையோ பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் சரிபார்த்ததையோ மட்டும் வாங்குங்கள். 'என் முன்னால் போட்டார்' என்ற பேச்சுக்குக் காசு கொடுக்க வேண்டாம். சட்டைத் துண்டு வைத்த கார்டுகளில் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். எந்த ஆட்டத்தோடும் தொடர்பில்லாத துணி என்று பலவற்றில் அங்கேயே அச்சிட்டிருப்பார்கள்.

படி 5: கார்டு வந்ததும் இப்படிப் பாருங்கள்

மேஜையைத் துடைத்து, கையைக் கழுவிக் காயவிட்டு, கார்டின் ஓரங்களை மட்டும் பிடித்து எடுங்கள். முதலில் நான்கு மூலை. கருப்புத் துணி மேல் வைத்தால் வெள்ளையாகப் பிசிறு தட்டியது பளிச்சென்று தெரியும். அடுத்து படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரம். இடமும் வலமும், மேலும் கீழும் ஒரே அகலமா? பிறகு விளக்கின் கீழ் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது தெரியாத கீறலும் மடிப்பும் சாய்க்கும்போது கோடாக மின்னும்.

1989 அப்பர் டெக்கில் போலிகள் நிறைய உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலை அதிகம் இல்லை. அசல் கார்டில் படம் வண்ணப் புள்ளிகளாகத் தெரியும், ஆனால் கருப்பு எழுத்துகள் கெட்டியாக, விளிம்பு சுத்தமாக இருக்கும். ஸ்கேன் செய்து அச்சடித்த போலியில் எழுத்தும் புள்ளி புள்ளியாக உடையும். பக்கத்தில் வைத்து ஒப்பிட அதே தொகுப்பின் வேறு ஏதாவது மலிவான கார்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய கார்டு என்பது முக்கியமில்லை. காகிதத்தின் கனம், ஹாலோகிராம், அச்சு எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான்.

படி 6: வைக்கும் விதம்

முதலில் பென்னி ஸ்லீவ் என்ற மெல்லிய உறை, அதன் மேல் டாப்லோடர் என்ற கெட்டியான உறை. ஸ்லீவில் போடும்போதுதான் பல கார்டுகளின் மூலை அடிபடுகிறது. ஸ்லீவின் வாயை விரலால் லேசாக விரித்து, கார்டைச் சற்றுச் சாய்த்து ஒரு கீழ்மூலையை முதலில் நுழைத்து, பிறகு நேராக்கி இறக்குங்கள். மேலே ஒட்ட சாதாரண செல்லோ டேப் வேண்டாம். பெயின்டர்கள் பயன்படுத்தும் நீல டேப் பசை விடாமல் உரிந்து வரும்.

பைண்டர் பக்கம் வாங்கும்போது பி.வி.சி. இல்லாதது என்று எழுதியிருக்க வேண்டும். பி.வி.சி. பக்கம் நாளடைவில் பிசுபிசுத்துக் கார்டில் ஒட்டிக்கொள்ளும். வெயில் படாத, ஈரம் ஏறாத இடம் பாருங்கள். சென்னை மாதிரி ஊரில் காற்றுப் புகாத டப்பாவும் அதற்குள் சிலிகா ஜெல் பொட்டலமும் அவசியம். பளபளப்புக் கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக உறை இல்லாமல் அடுக்கினால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மேல்பூச்சு உரியும்.

ஆறு ரூக்கி கார்டில் பவ்மேன் மட்டும் தொல்லை கொடுக்கும். வழக்கமான கார்டு 2.5 அங்குல அகலம், 3.5 அங்குல உயரம். 1989 பவ்மேன் 3.75 அங்குல உயரம். ஒன்பது பை உள்ள சாதாரணப் பக்கத்தில் தலை நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கேற்ற பெரிய உறையைத் தனியாக வாங்குங்கள், அழுத்தித் திணிக்காதீர்கள்.

படி 7: அடுக்குவதும் படிப்பதும்

ஆண்டு வரிசையில் அடுக்கிய பிறகு எல்லாவற்றையும் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். முழுப் புள்ளிவிவரம் உள்ள பிற்காலக் கார்டு ஒன்றை எடுத்தால் 1993-ல் 45 ஹோம் ரன், 1994-ல் 40 என்று வரிசை உயரத்திலேயே இருக்கும். திடீரென 1995-ல் 72 ஆட்டம், 17 ஹோம் ரன் என்று சுருங்கும். அந்த மே மாதம் சுவரில் மோதிப் பந்தைப் பிடித்ததில் மணிக்கட்டு உடைந்தது. அடுத்த வரிசை 49, அப்புறம் 56, மறுபடி 56. 1994-ல் ஆட்டம் குறைவாக இருப்பதற்குக் காரணம் காயமில்லை, ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம். நடுவில் ஒரு ஆண்டுக் கார்டு இல்லாவிட்டால் அந்தப் பையைக் காலியாகவே விடுங்கள், வேறு கார்டைப் போட்டு நிரப்ப வேண்டாம்.

தர நிறுவனத்துக்கு எந்தக் கார்டையெல்லாம் அனுப்பலாம்? தரக் கட்டணமும் தபால் செலவும் கார்டின் விலையைவிட அதிகமானால் அனுப்பாதீர்கள். கிரிஃபியின் பேஸ் கார்டுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். மூலை, ஓரம், பரப்பு மூன்றும் குறையில்லாமல் இருக்கும் அப்பர் டெக், அல்லது எண் அச்சிட்ட அரிய பேரலல் என்றால் அனுப்பலாம்.

சேர்த்து வாங்கியதில் இரட்டையாக வந்தவற்றைத் தனிப் பெட்டியில் போட்டு வையுங்கள். கார்டு கண்காட்சிக்குப் போகும்போது அந்தப் பெட்டியும் உங்கள் பட்டியலின் ஒரு பிரதியும் கையில் இருக்கட்டும். கிரிஃபியோடு மரினர்ஸில் ஆடிய எட்கர் மார்ட்டினெஸின் கார்டு சேர்ப்பவரிடம் கிரிஃபி கார்டு கிடப்பதும், கிரிஃபி சேர்ப்பவரிடம் மார்ட்டினெஸ் கிடப்பதும் வழக்கம். அப்போது காசு மாறாமலேயே ஒரு காலிப் பை நிரம்பும்.