மின்னழுத்தம்: எந்த இரு புள்ளிகளுக்கு இடையே?

உயர்நிலை மூன்றில் மின்சுற்றுப் பாடத்தைத் தொடங்கும் மாணவர் பலர், மின்னழுத்தத்தின் அலகான வோல்ட் என்பது கம்பிக்குள் ஓடும் ஏதோ ஒன்று என்றே எண்ணிக்கொள்கின்றனர். ஓடுவது மின்னூட்டம்; ஒரு வினாடியில் அது எவ்வளவு கடக்கிறது என்பதை ஆம்பியர் சொல்லும். ஒரு புள்ளியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் ஒவ்வொரு கூலும் (மின்னூட்டத்தின் அலகு) மின்னூட்டமும் எத்தனை ஜூல் ஆற்றலைப் பெறுகிறது அல்லது இழக்கிறது என்பதையே வோல்ட் சொல்கிறது. ஆகவே வோல்ட் என்று எங்கே கண்டாலும், எந்த இரு புள்ளிகளுக்கு இடையே என்று முதலில் கேளுங்கள். சிங்கப்பூர் வீடுகளின் 230 வோல்ட்டும், வடக்கு-தெற்கு ரயில் பாதையில் ரயிலுக்கு மின்சாரம் தரும் மூன்றாவது தண்டவாளத்தில் உள்ள 750 வோல்ட்டும்கூட இரு முனைகளுக்கு இடையிலான வேறுபாடுகளே.

இதை மனத்தில் பதிக்க ஒரு சுற்றை அமைத்துப் பார்ப்பதே சிறந்த வழி. 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டு, 10 ஓம், 20 ஓம் மின்தடையங்கள், ஒரு சுவிட்ச் ஆகியவற்றைத் தொடராக இணையுங்கள். வீட்டு மின்சாரத்தை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது. சுவிட்ச்சை மூடினால் ஏறத்தாழ 0.1 ஆம்பியர் ஓடும். வோல்ட்மீட்டரை ஒவ்வொரு மின்தடையத்துக்கும் இணையாக வைத்தால், முதலாவதில் 1 வோல்ட்டும் அடுத்ததில் 2 வோல்ட்டும் காட்டும். மின்கலங்கள் ஒவ்வொரு கூலுமுக்கும் கொடுத்த 3 ஜூல் இவ்வாறு செலவாகிறது.

இனி சுவிட்ச்சைத் திறந்துவிட்டு, அளப்பதற்கு முன்பே விடையை எழுதி வையுங்கள். மின்னோட்டம் இல்லாததால் எங்கும் சுழியம் என்று எழுதத் தோன்றும். மின்தடையங்களைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் திறந்த சுவிட்ச்சின் இரு முனைகளுக்கு இடையே வோல்ட்மீட்டர் 3 வோல்ட் காட்டும். மின்தடையங்களில் ஆற்றல் இழப்பு ஏதும் இல்லாதபோது, சுவிட்ச்சின் ஒரு முனை மின்கலத்தின் நேர்முனையோடும் மறுமுனை எதிர்முனையோடும் சம மின்னழுத்தத்தில் இருப்பதே இதற்குக் காரணம். இந்த ஓர் அளவீடு, பத்துக் கணக்குகளைப் போடுவதைவிட அதிகம் கற்றுத்தரும் என்பது என் உறுதியான கருத்து.

டிஜிட்டல் மீட்டரின் சிவப்பு, கறுப்பு முனைகளை இடம் மாற்றினால் அதே எண் கழித்தல் குறியுடன் தோன்றும். கருவியில் கோளாறு இல்லை. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளியைப் பார்க்கிறோம் என்பதுதான் மாறியிருக்கிறது.