வீட்டுக்கு நாய்க்குட்டி வந்தாச்சு: முதல் சில மாதங்களுக்கான செய்முறை

நாய்க்குட்டி வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை மாதத்தில் பழக்க ஆரம்பிக்கலாம்?" என்பதுதான். வாசலுக்குள் வந்த நிமிடத்திலிருந்தே அது பழகிக்கொண்டுதான் இருக்கிறது. அழுதால் தூக்குவார்கள், கையைக் கடித்தால் விளையாட ஆள் வரும், சாப்பிடும் இடத்தில் நின்றால் அப்பளத் துண்டு விழும். இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை, ஆனாலும் இரண்டே நாளில் கற்றுக்கொண்டுவிடும். அதனால் குட்டியைப் பழக்குவதில் பாதி வேலை, வீட்டில் இருக்கிறவர்களைப் பழக்குவது.

முதல் படி: குட்டி வருவதற்கு முன் ஒரு வீட்டுக் கூட்டம்

எல்லோரும் உட்கார்ந்து சில விஷயங்களை முடிவு செய்யுங்கள். சோபாவில் ஏறலாமா, கூடாதா? சமையலறைக்குள் விடலாமா? சாப்பாடு யார் வைப்பது? உட்காரச் சொல்ல "சிட்" என்பீர்களா, "உட்காரு" என்பீர்களா? எதுவானாலும் சரி, வீடு முழுக்க ஒரே சொல்லாக இருக்கட்டும். அப்பா ஒன்று, மகள் ஒன்று, பாட்டி ஒன்று என்று சொன்னால் குட்டி மூன்றையும் கண்டுகொள்ளாது. முடிவானதை எழுதி பிரிட்ஜில் ஒட்டுங்கள். பாட்டி யாருக்கும் தெரியாமல் இட்லி போடுவார், அதைத் தடுப்பது கஷ்டம். அந்த இட்லியைக் குட்டியை உட்காரச் சொல்லிவிட்டுப் போடும்படி கேட்டுக்கொண்டால் போதும்.

குட்டிக்கு 8 வாரம் ஆகியிருக்க வேண்டும். 30 நாளிலேயே விற்கப் பார்ப்பவர்கள் உண்டு, வாங்காதீர்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைத் தாயோடும் கூடப் பிறந்த குட்டிகளோடும் புரளும்போதுதான் அது கற்கிறது. நம்மூர் வெயிலில் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் எல்லாம் எதற்கு என்பது என் கட்சி. தெருவில் பிறந்த நாட்டுக்குட்டிக்கு இந்தச் சூடு பழக்கம். புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் தத்தெடுக்கலாம். நம்மூர் வேட்டைநாய் இனங்களான ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் ஓடப் பிறந்தவை, இரண்டு படுக்கையறை பிளாட்டில் அடைத்து வைத்தால் பாவம். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. வாங்கும் முன், அது பார்க்காதபோது பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள்.

இரண்டாம் படி: முதல் சில இரவுகள்

அழும். தாயையும் கூடப்பிறந்தவற்றையும் விட்டு வந்திருக்கிறது, அழாமல் என்ன செய்யும்? வெளியே கட்டிப்போட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். ஒரு அட்டைப்பெட்டியிலோ கூண்டிலோ பழைய துணி விரித்து, உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். நடுராத்திரி முனகினால் பெரும்பாலும் சிறுநீர் வந்திருக்கும். விளக்கைப் போடாமல், கொஞ்சாமல், தூக்கிக்கொண்டு போய் இருக்கவிட்டு, திரும்பப் படுக்க வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தரம் விளையாடிவிட்டால், அப்புறம் தினமும் இரண்டு மணிக்கு எழுப்பும்.

மூன்றாம் படி: மலஜலப் பழக்கம்

பலரும் வெறுத்துப்போவது இதில்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். குட்டியால் எவ்வளவு நேரம் அடக்க முடியும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணி நேரம். இரண்டு மாதக் குட்டியென்றால் அதிகபட்சம் மூன்று மணி நேரம். விழித்து விளையாடும்போது அவ்வளவுகூடத் தாங்காது.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், விளையாடி முடித்ததும், இரவு படுக்கும் முன் என்று இந்த நான்கு நேரமும் தவறாமல் ஒரே இடத்துக்குக் கொண்டு போங்கள். நடுவில் வரும் அறிகுறியையும் கவனிக்க வேண்டும். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குட்டி திடீரென்று பொம்மையை விட்டுவிடும். மூக்கைத் தரையில் ஒட்டினாற்போல் வைத்து மோந்துகொண்டே ஓரமாகப் போகும். ஒரு வட்டம், இரண்டு வட்டம் சுற்றும். மூன்றாவது வட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள், தூக்குங்கள்.

உரிய இடத்தில் விட்டதும் பேசாமல் நில்லுங்கள். இருந்து முடிக்கும்போது, "போ" என்றோ "முடி" என்றோ ஒரு சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். முடித்த அந்த நொடியில், அதே இடத்தில், கையிலிருக்கும் தின்பண்டத்தைக் கொடுங்கள். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குக் கிடைத்த பரிசு என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.

வீட்டுக்குள் போய்விட்டால்? துடைத்துவிடுங்கள், அவ்வளவுதான். மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்ப்பது நம்மூரில் பரவலாகச் செய்வது. அதனால் குட்டி கற்பதெல்லாம், உங்கள் கண்முன் போகக்கூடாது என்பதைத்தான். அப்புறம் கட்டிலுக்கு அடியில் போய் இருக்கும். வெறும் பினாயில் ஊற்றிக் கழுவினால் நம் மூக்கிலிருந்து வாடை போகும், அதன் மூக்கிலிருந்து போகாது. செல்லப்பிராணிக் கடைகளில் இதற்கென்றே என்சைம் கலந்த துடைப்பான் கிடைக்கிறது. இல்லையென்றால் தண்ணீரில் வினிகர் கலந்து துடைக்கலாம்.

தடுப்பூசிகள் எல்லாம் முடியும்வரை தெரு மண்ணில் இறக்க வேண்டாம். குட்டிகளுக்குக் கடுமையான வாந்தி பேதியைக் கொடுக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதுவரை மொட்டைமாடி மூலையோ, பால்கனியில் ஒரு பெரிய தட்டில் மண்ணோ போதும். செய்தித்தாளில் பழக்கலாம்தான். ஆனால் பிற்பாடு நீங்கள் ஹாலில் விரித்து வைத்துப் படிக்கிற ஞாயிறு இணைப்பையும் அது விட்டுவைக்காது.

நான்காம் படி: சாப்பாடு

நாலு மாதம்வரை ஒரு நாளைக்கு 3 முதல் 4 வேளை, ஆறு மாதம்வரை 3 வேளை, அப்புறம் 2 வேளை. தயிர்சாதம் மட்டுமே போட்டு வளர்த்தால் வயிறு நிறையும், தசை ஏறாது. சோற்றோடு வேகவைத்த கோழி, முட்டை, கொஞ்சம் ஈரல், பூசணி, கேரட் என்று சேருங்கள். உப்பு, மசாலா வேண்டாம். வீட்டுச் சாப்பாடு மட்டும் போடுவதாக இருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கால்சியம் டானிக்கை நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள். பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு கோணும். பால் குடித்துப் பேதியாகும் குட்டிகள் நிறைய, பால் இல்லாமலும் வளரும்.

கொடுக்கவே கூடாதவை: சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை. உலர்திராட்சையும் திராட்சைதான், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பொங்கலன்று மிச்சமிருக்கும் சர்க்கரைப் பொங்கலையும் பாயசத்தையும் வழித்து நாய்த்தட்டில் போடும் வீடுகள் கவனிக்க. வேகவைத்த கோழி எலும்பு கூர்கூராக உடையும், குடலைக் கிழிக்கலாம். நமக்கு வாங்கி வைத்த வலி மாத்திரையையும் காய்ச்சல் மாத்திரையையும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: மருத்துவர்

பார்வோ, டிஸ்டெம்பர், லெப்டோ (எலிக்காய்ச்சல்) போன்ற நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 முதல் 4 வார இடைவெளியில் 16 வாரம் ஆகும்வரை போடுவார்கள். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். அப்புறம் மருத்துவர் சொல்கிற தேதிகளில் மறு ஊசி. வயிற்றுப் பூச்சி மருந்து மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தரம், ஆறு மாதம்வரை மாதம் ஒரு தரம், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தரம். தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். செலவு யோசிக்கிறவர்களுக்கு அரசு கால்நடை மருந்தகம் இருக்கிறது. ஜூலை 6 (விலங்குகளிடமிருந்து பரவும் நோய்களுக்கான உலக நாள்), செப்டம்பர் 28 (உலக ரேபிஸ் நாள்) ஆகிய நாட்களையொட்டிப் பல ஊர்களில் ரேபிஸ் ஊசி முகாம் நடக்கும்.

குட்டியின் பல் பட்டு ரத்தம் வந்தால், "நம்ம குட்டிதானே" என்று விடக்கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம்.

ஆறாம் படி: கடி

குட்டிக்கு 28 பால்பற்கள். நாலு மாதவாக்கில் விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் முளைக்கும். ஈறு ஊறும்போது கிடைத்ததைக் கடிக்கும். ஆடுகிற துணி என்றால் அதற்கு உயிர். புடவைத் தலைப்பு, வேட்டி நுனி, பிள்ளைகளின் பாவாடை எதையும் விடாது. இழுத்துப் பிடுங்கினால் விளையாட்டு இன்னும் சூடாகும். அப்படியே அசையாமல் நில்லுங்கள். விட்டதும் கடிப்பதற்கு வேறொன்றைக் கொடுங்கள். கையைக் கடித்தால் கையை எடுத்துக்கொண்டு, பேசாமல் எழுந்து, அரை நிமிடம் அறையை விட்டுப் போய்விடுங்கள். கத்தவோ வாயைப் பிடித்து அமுக்கவோ வேண்டாம்.

பழைய பருத்தித் துணியை முடிச்சுப் போட்டு, நனைத்து, பிரீசரில் வைத்துக் கொடுத்தால் ஈறுக்கு இதம். பழைய செருப்பு மட்டும் கொடுக்காதீர்கள். எது பழசு, எது நேற்று வாங்கியது என்று அதற்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் ஏழு மணிவாக்கில் பேய் பிடித்தாற்போல் ஹாலுக்கும் அறைக்கும் ஓடி, கண்டதைக் கடித்தால், பெரும்பாலும் தூக்கம் போதவில்லை என்று அர்த்தம். இந்த வயதில் ஒரு நாளைக்கு 18 மணி நேரம் தூங்க வேண்டும். கூண்டிலோ அமைதியான மூலையிலோ படுக்க விடுங்கள், பத்து நிமிடத்தில் அடங்கிவிடும்.

ஏழாம் படி: உட்காரவும் வரவும்

வேகவைத்த கோழியை நிலக்கடலை அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டை விரல் நுனியில் பிடித்து மூக்கருகே காட்டுங்கள். மூக்கு ஒட்டிக்கொண்டதும், கையை மெல்ல அதன் தலைக்கு மேலே, பின்பக்கமாக நகர்த்துங்கள். மூக்கு மேலே போகப் போகப் பின்புறம் தானாகத் தரைக்கு இறங்கும். பின்புறம் தரையைத் தொட்ட கணம் "சபாஷ்", உடனே துண்டு வாய்க்கு. குதித்தால் கையை ரொம்ப உயரத்தில் பிடித்திருக்கிறீர்கள், தாழ்த்துங்கள். பின்னாலேயே நடந்தால் சுவர் ஓரமாக நிற்க வைத்துச் செய்யுங்கள். சொல்லை இப்போதே சேர்க்க வேண்டாம். கை அசைவுக்கு ஒழுங்காக உட்கார ஆரம்பித்தபின், கையை அசைப்பதற்குச் சற்று முன் "உட்காரு" என்று ஒரே ஒரு தரம் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் போதும், சாப்பாட்டுக்கு முன் செய்தால் பசியும் கூட உதவும்.

கூப்பிட்டால் வருவதற்கு ஒரே விதிதான்: திட்டுவதற்கோ, குளிப்பாட்டுவதற்கோ, மாத்திரை போடுவதற்கோ பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அதற்கெல்லாம் நீங்களே போய்த் தூக்குங்கள். "மணி" என்றால் ஏதோ நல்லது கிடைக்கும் என்று மட்டுமே மணிக்குத் தெரிய வேண்டும்.

எட்டாம் படி: வெளி உலகம்

மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம்வரை பார்த்ததும் கேட்டதும் அதற்குக் கடைசிவரை சாதாரணமாகத் தெரியும். ஊசி முடியவில்லையே என்று வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் இந்தக் காலம் வீணாகிவிடும். கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நில்லுங்கள். ஆட்டோ, ஹெல்மெட் போட்ட ஆள், குடை, காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி, சிலிண்டர் உருட்டும் சத்தம், குக்கர் விசில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு. பயந்து பின்வாங்கினால் இழுத்துக்கொண்டு கிட்டே போகாமல், தூரத்தைக் கூட்டுங்கள்.

கழுத்துப் பட்டையை முதல் சில நாள் வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழக்குங்கள். கழுத்தை இறுக்கும் சங்கிலி வேண்டாம். நடக்கும்போது இழுத்தால் நின்றுவிடுங்கள், கயிறு தளர்ந்ததும் நடங்கள். முதல் வாரம் தெருமுனை போய்ச் சேர அரைமணி ஆகும், ஆகட்டும். கோடையில் காலை ஏழு மணிக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியவில்லையென்றால் அதன் பாதத்தாலும் முடியாது. தெருநாய்கள் குரைத்து வந்தால் ஓடாதீர்கள், முறைத்தும் பார்க்காதீர்கள். குட்டியை உங்கள் மறுபக்கம் விட்டு நிதானமாகக் கடந்து போங்கள். அவற்றின் எல்லை அடுத்த தெருவோடு முடிந்துவிடும்.

திரும்பி வந்ததும் காது மடல், விரலிடுக்கு, பட்டைக்கு அடியில் உண்ணி பாருங்கள். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நகத்தால் நசுக்குவதும் மண்ணெண்ணெய் தடவுவதும் வேண்டாம். உண்ணி கடித்த நாய் சோர்ந்து படுத்தால், சாப்பிடாவிட்டால், ஈறு வெளுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் நாயின் உயிரையே கொண்டுபோய்விடும். வீட்டில் பூனையும் இருந்தால் நாய்க்கான உண்ணி மருந்தை வாங்கும்போது அதைச் சொல்லி வாங்குங்கள். பெர்மெத்ரின் கலந்தவை பூனைக்கு விஷம்.

குளியல் மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தரம், நாய் ஷாம்புவில். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

தீபாவளிக்கு

முதல் தீபாவளிக்குச் சில வாரம் முன்பே, போனில் வெடிச்சத்தத்தை மிகக் குறைவாக வைத்து, கூடவே தின்னக் கொடுங்கள். நாள் ஆக ஆகச் சத்தத்தைக் கூட்டலாம், முகம் மாறினால் குறைக்க வேண்டும். தீபாவளியன்று வெளிச்சம் இருக்கும்போதே நடைக்குக் கூட்டிப் போய் வந்துவிடுங்கள். பயத்தில் கதவிடுக்கில் புகுந்து ஓடிவிடும் நாய்கள் அந்த ஒரு நாளில் ஏராளம். பட்டையில் உங்கள் போன் எண் இருக்கட்டும். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் டிவியையும் ஓடவிட்டு, உள்ளறையில் அது ஒளிந்துகொள்ள ஓர் இடம் விடுங்கள். கட்டிலுக்கு அடியில் போனால் வெளியே இழுக்காதீர்கள். பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாகத் தடவிக்கொடுங்கள், அதனால் பயம் அதிகமாகாது. எச்சில் ஒழுக நடுங்குகிற அளவுக்குப் பயப்படும் குட்டியென்றால் ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்து வாங்கி வையுங்கள். அன்றைக்கு ராத்திரி கிளினிக் பூட்டியிருக்கும்.