ஜூம், பேன்: டிசைனர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசைன் கற்றுத் தரும்போது ஜூமையும் பேனையும் யாரும் தனிப் பாடமாக எடுப்பதில்லை. பெரிதாக்கிப் பார்க்கிறோம், நகர்த்திப் பார்க்கிறோம், அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அச்சடித்த பிறகு கண்ணில் படும் குறைகளில் பல, திரையில் தவறான அளவில் வைத்துப் பார்த்ததால் தப்பியவை.

படம் தெளிவாக இருக்கிறதா என்பதை முழுப் பக்கமும் தெரிகிற அளவிலேயே முடிவு செய்வதுதான் இதில் பெரிய தவறு. 5 அங்குல அகலம், 7 அங்குல உயரத்தில் ஒரு அழைப்பிதழை 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) செய்தால், கோப்பில் 1500 x 2100 பிக்சல் இருக்கும். 1080 பிக்சல் உயரமுள்ள மானிட்டரில் மெனு, கருவிப் பட்டைகளுக்கான இடம் போக அது முழுதாகத் தெரிய, பாதிக்கும் கீழே சுருங்கியாக வேண்டும். சுருங்கும்போது பிக்சல்கள் ஒன்றோடொன்று கலந்து, மங்கலான படம்கூட பளிச்சென்று தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கி வைத்திருந்தாலும் அங்கே பிடிபடாது. ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோலையும் 1-ஐயும் சேர்த்து அழுத்தி 100 சதவீதத்துக்குப் போங்கள். அங்கே கோப்பின் ஒரு பிக்சலுக்குத் திரையில் ஒரு பிக்சல். ஷார்ப்பன் செய்வதையும், அதாவது விளிம்புகளைக் கூர்மையாக்குவதையும், இந்த அளவில் பார்த்துத்தான் செய்ய வேண்டும். முழுதாகப் பார்க்க கன்ட்ரோலும் 0-ம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஃபோட்டோஷாப்பின் 100 சதவீதம்தான் அச்சில் வரும் அளவு என்று நினைப்பது. 96 பிபிஐ திரையில் 300 பிபிஐ கோப்பு அச்சைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். அதைப் பார்த்து எழுத்தைச் சிறிதாக்கினால், கையில் வரும் அழைப்பிதழைப் பெரியவர்களால் படிக்க முடியாது. எழுத்தின் அளவுக்குத் திரையை நம்பாதீர்கள். ஒரு பிரின்ட் எடுத்துப் பார்ப்பதே என் கருத்தில் சரியான வழி.

அப்புறம், பேன். ஸ்பேஸ் பாரை அழுத்தியபடி இழுத்தால் பக்கம் நகரும், இது பலருக்கும் தெரியும். ஆனால் எழுத்துப் பெட்டிக்குள் கர்சர் இருக்கும்போது அதே ஸ்பேஸ் பார் இடைவெளியைத்தான் போடும். சொல்லுக்கு நடுவே இப்படி விழுந்த இடைவெளி பிழை திருத்தும்போதும் எளிதில் தப்பிவிடும். தட்டச்சு செய்கையில் மவுஸ் சக்கரத்தாலேயே நகருங்கள். ஃபோட்டோஷாப்பில் மார்க்கீயை (ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தை) இழுத்துக்கொண்டிருக்கும்போது ஸ்பேஸ் பாரை அழுத்தினால் பக்கத்துக்குப் பதில் தேர்வுதான் நகரும், அதையும் நினைவில் வையுங்கள்.

கோரல் டிராவில் ஸ்க்ரோல் பாரைப் பிடித்து இழுத்தே காலத்தைக் கழிப்பவர்கள் நிறைய. எஃப்4 அழுத்தினால் எல்லாப் பொருள்களும் ஒரே பார்வைக்குள் வரும். ஷிஃப்டோடு எஃப்2 அழுத்தினால், தேர்ந்தெடுத்தது மட்டும்.

இன்டிசைனில் படம் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் உடனே படத்தை மாற்றிவிடாதீர்கள். அது வேகத்துக்காகக் காட்டப்படும் குறைந்த தர முன்னோட்டமாக இருக்கலாம். வியூ மெனுவில் டிஸ்பிளே பெர்ஃபார்மன்ஸை ஹை குவாலிட்டிக்கு மாற்றிப் பாருங்கள். லிங்க்ஸ் பேனலில் எஃபெக்டிவ் பிபிஐ, அதாவது பக்கத்தில் வைத்த அளவில் படத்துக்குக் கிடைக்கும் பிபிஐ, எவ்வளவு என்றும் பார்த்துவிடுங்கள்.

பிடிஎஃப்பில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தாலும் அப்படித்தான், உடனே எதையும் மாற்றாதீர்கள். 400, 800 சதவீதம் என்று பெரிதாக்கிக்கொண்டே போங்கள். கோடு தடிக்காமல் அதே மெல்லிசாக இருந்தால், அது பெரும்பாலும் திரை காட்டும் மாயை. கூடவே தடித்துக்கொண்டு வந்தால் இரண்டு உருவங்களுக்கு நடுவே நிஜமாகவே இடைவெளி இருக்கிறது. மூலக் கோப்புக்குப் போய் அதை மூடிவிட்டு, பிடிஎஃப்பை மறுபடி எடுங்கள்.