ஸ்பீக்கர் ஒலி காதைக் குத்தினால் ஜமக்காளமும் கண்ணாடியும் எடுங்கள்

ஸ்பீக்கருக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே, தரையில் தடித்த ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். அப்புறம் வழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்தும்படி வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். கண்ணாடியில் ட்வீட்டர் (ஸ்பீக்கரில் கீச்சொலி தரும் சின்ன வட்டம்) எங்கே தெரிகிறதோ, அங்கே பழைய ரஜாய் ஒன்றைத் தொங்கவிடுங்கள். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளித் தொங்கினால் இன்னும் நல்லது.

வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் நம் வீடுகளில் பெரும்பாலும் சின்ன அறை, டைல்ஸ் தரை, வெறும் சுவர். ட்வீட்டர் ஒலி அவற்றில் பட்டுச் சில மில்லி செகண்ட் பிந்திக் காதுக்கு வருகிறது. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை நம் காது மிகக் கூர்மை. பாட்டு காதைக் குத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். துணி அந்த எதிரொலியை உறிஞ்சிவிடும். விரிப்பதற்கு முன்னும் பின்னும் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். புது ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்குவதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) குமுறலுக்கு இது உதவாது. அதற்கு ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுக்க வேண்டும். ஹெட்போனிலும் அதே பாட்டு குத்தினால் குறை பதிவிலேயே இருக்கலாம். சத்தம் கூட்டும்போது மட்டும் கரகரத்தால் ஆம்ப் திணறுகிறதா என்று பாருங்கள்.