டர்பன் வெயிலில் பரதநாட்டியத்தைப் படமெடுக்கும் முறை

வட அரைக்கோளத்தில் எழுதப்பட்ட புகைப்படக் குறிப்புகளைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அப்படியே பின்பற்றினால், நிழலைத் தவறான பக்கத்தில் தேட நேரிடும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 30 பாகையில் இந்நகரம் இருப்பதால், நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கு வானில்தான் இருக்கும். ஆகவே குளிர்காலத்தில் கோயில் மதிலின் தெற்குப் பக்கமே நாளெல்லாம் மென்மையான, சீரான வெளிச்சம் கிடைக்கும் இடமாகும்.

அரங்கேற்ற ஆல்பத்துக்கான படங்களை மே முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்கால மாதங்களில் எடுப்பதே நல்லது. டிசம்பரை ஒட்டி வரும் கோடை இங்கு மழைக்காலம். அதோடு டிசம்பர் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வந்து, கண்குழிகளை இருட்டாக்கி, நெற்றிச்சுட்டியின் நிழலைப் புருவத்தின்மீது விழச் செய்யும். ஜூனில் நண்பகலிலும் அது சுமார் 37 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது என்பதால், காலை ஒன்பது மணி வெளிச்சம்கூட முகத்துக்கு இதமாகவே இருக்கும். அலங்காரம் முடியக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். டிசம்பரில் 4.45 மணியளவிலேயே சூரியன் உதித்துவிடுவதால், விடியல் படத்துக்காக ஆடுபவர் நள்ளிரவு கடந்ததும் எழுந்தாக வேண்டும். ஜூனிலோ உதயம் 6.50 அளவில்தான். கடற்கரை கிழக்கு நோக்கியது. மாலையில் பின்னாலுள்ள உயரமான ஓட்டல்களின் நிழல் மணலை மூடிவிடும். எனவே கடற்கரைக்குக் காலை, தோட்டத்துக்கு மாலை என்று பிரித்துக்கொள்ளலாம்.

கடலைப் பார்த்து நிற்கவைத்தால் கண்கள் சுருங்கி, முகமும் தட்டையாகத் தெரியும். தோள் கடலை நோக்கி இருக்குமாறு நிற்கவைத்தால் ஒளி பக்கவாட்டில் விழுந்து, உடையின் முன்புற விசிறி மடிப்பின் ஒவ்வொரு மடிப்பும் தனித்துத் தெரியும். நிழல் பக்கத்தை மணலே கீழிருந்து ஒளியூட்டிவிடும். புல்தரை அவ்வாறு செய்வதில்லை. தாடைக்கடியில் பச்சைச் சாயலை ஏற்றிவிடும். 1849இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவின் பெருமரங்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் இலைகளின் ஊடே சொட்டும் வெயில் முகத்தில் திட்டுத்திட்டாக விழும் என்பதால், நிழலின் உட்பகுதியை விட்டு அதன் ஓரத்தில், வெளிச்சத்தை நோக்கி ஆடச்சொல்ல வேண்டும். ஜரிகையும் நகைகளின் சிவப்புக் கெம்புக்கல்லும் வெயிலில் எடுத்த படத்தில் எளிதில் வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா பதிவு செய்யும் ஒளியளவை, மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து, பின்னர் திருத்த இடம்தரும் ரா (மூலக்) கோப்பாக எடுப்பது பாதுகாப்பு.

கேமராவின் உயரம் பலரும் கவனியாத ஒன்று. முழங்காலை மடக்கிப் பாதி அமர்ந்த நிலையான அரைமண்டியில் இருப்பவரை நின்றபடி எடுத்தால் கால்கள் குட்டையாகத் தெரியும்; மண்டியிட்டு, ஆடுபவரின் இடுப்பு உயரத்தில் கேமராவை நேராகப் பிடித்தால்தான் முழங்கால்கள் இருபுறமும் விரிந்த அந்த வடிவம் முழுமையாகப் பதியும். 85 முதல் 135 மி.மீ. வரையிலான லென்ஸும் எஃப் 4 என்ற லென்ஸ் துளை அளவும் பெரும்பாலும் போதும். முகபாவமும் கைமுத்திரையுமான அபிநயத்துக்கு 1/250 நொடி, பாதத்தைத் தரையில் தட்டி ஆடும் தட்டடவின் பாதங்களுக்கு 1/500, பாய்ச்சலுக்கு 1/1000 என ஷட்டர் வேகத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றையும்விட, ஆட்டத்துக்குச் சொல்லப்படும் தாளச் சொற்களான சொற்கட்டைக் காதில் வாங்குவதே முக்கியம். ஜதிக் கோவையை முடித்துவைக்கும் பகுதியான தீர்மானத்தின் கடைசித் தட்டில்தான் கை முழுவதும் நீண்டு, உடல் ஒரு கணம் உறைகிறது. அந்தத் தட்டை எதிர்பார்த்து விரல் இயங்க வேண்டும். நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமராவும் இரண்டு படங்களுக்கு இடையே அதைத் தவறவிடக்கூடும். இசை ஒலிப்பானைவிட, ஆசிரியையே பக்கத்தில் நின்று ஜதி சொல்வது மேல். வேகத்தைக் குறைக்கச்சொல்லலாம், அதே தீர்மானத்தைத் திரும்பக் கேட்கலாம். கை போன வழியே கண் போக வேண்டும் என்பது பரதத்தின் பாலபாடம். ஆகையால் பார்வை இன்னும் விரல்நுனியை எட்டாத படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் தள்ளுபடிதான். பதாகம் என்னும் கைமுத்திரையில் கட்டைவிரல் மடங்காமல் நிற்பது போன்ற பிழைகள் நம் கண்ணுக்குத் தப்பிவிடும்; தேர்வை ஆசிரியையிடம் விடுவதே முறை.

மணலில் பாதம் புதையும், தட்டு ஒலிக்காது. அங்கே நிலைகளையும் அபிநயத்தையும் மட்டும் எடுக்க வேண்டும். சிமெண்டுத் தரை முழங்காலுக்குக் கேடு. அங்கே ஜதிகளைப் பலமுறை ஆடவைக்கக் கூடாது. தரையில் முள்ளோ கண்ணாடித் துண்டோ உண்டா என்று முதலில் நாமே பார்த்துவிட வேண்டும். பழம் இருக்கும் பையைத் திறந்து வைத்தால் வர்வெட் குரங்குகள் வந்து சேரும். படப்பிடிப்பு அத்தோடு முடிந்தது! வெயில் ஏற ஏறக் கடற்காற்றும் வலுத்து மேலாக்கைக் கலைக்கும் என்பதால் முழு உருவப் படங்களை முதலில் முடித்துவிட்டு, முகத்தின் அண்மைப் படங்களைப் பிறகு மதிலோரத்தில் எடுக்கலாம். உப்புத் துளி படிந்த லென்ஸை உலர்துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதி, பின்னர் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.