பழைய ஜெர்மன் பீரங்கி உறையை அடையாளம் காண்பது எப்படி?

பழம்பொருள் சேகரிப்பவர்கள் கைக்குப் பெரும்பாலும் வருவது குண்டு அல்ல, அதன் பித்தளை உறைதான். சுட்டதும் குண்டு பறந்துவிடும், உறை பீரங்கிப் பக்கமே தங்கிவிடும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னையைத் தாக்கியபோதும் ஊருக்குள் விழுந்தவை குண்டுகள்தான்.

முதலில் பாதுகாப்பு. உறையின் வாயில் குண்டு செருகியிருந்தால் தொடாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள். வாய் திறந்திருந்தால் டார்ச் அடித்து உள்ளே காலியா என்று பாருங்கள். அடியின் நடுவில் திருகிப் பொருத்தியிருப்பது பிரைமர், அதாவது உள்ளிருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பகுதி. சுட்டதில் ஊசி குத்திய சிறு குழி தெரியும். குழி இல்லையென்றால் மருந்து உள்ளேயே இருக்கலாம். குழி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அதைக் கழற்றவோ தட்டவோ சூடாக்கவோ கூடாது.

அடுத்து அளவு. வெர்னியரில் வாயின் உள்விட்டத்தையும் ஸ்கேலில் உயரத்தையும் எடுங்கள். முதல் உலகப் போரின் 7.7 செ.மீ. ஜெர்மன் களப்பீரங்கி எஃப்.கே. 96இன் உறை சுமார் 227 மி.மீ. உயரம். பிரெஞ்சு 75 மி.மீ. களப்பீரங்கியின் உறையோ 350 மி.மீ. ஆனால் பூச்சாடி செய்வதற்காகப் பல உறைகளை வெட்டியிருக்கிறார்கள். உயரத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள்.

அப்புறம்தான் முக்கியமான இடம்: அடிப்பாகம். பாலிஷ் போடாதீர்கள், தயவுசெய்து. தேய்க்கத் தேய்க்க முத்திரையும் தேய்ந்து போகும். சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். துடைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், மங்கிய எழுத்தும் நிழல் விட்டு எழும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் போர்க்கால உறையில் தொழிற்சாலையின் பெயரே வளைவாக இருக்கும்: போல்ட்டே மக்டெபுர்க், பட்ரோனன்ஃபாப்ரிக் கார்ல்ஸ்ரூஹே என்று. கூடவே மாதமும் ஆண்டும் இருக்கும், கிரீடம் வைத்த சிறு சோதனை முத்திரையும் இருக்கும். கிரீடம் என்றால் ஜெர்மன் பேரரசர் கைசரின் காலம்.

இரண்டாம் போர்க்கால உறையில் கிரீடத்துக்குப் பதில் கழுகு. தொழிற்சாலைப் பெயரையும் மறைத்து மூன்றெழுத்துக் குறியீடு போட்டார்கள். ஏ-யு-எக்ஸ் (aux) என்றிருந்தால் அதுவும் போல்ட்டேதான். இங்கே நான்கிலக்க மாதிரி எண்ணைத் தேடுங்கள். 6347 என்றால் 8.8 செ.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கி, 6342 என்றால் 10.5 செ.மீ. இலகு ஹோவிட்சர் (குண்டை உயரத் தூக்கி எறியும் பீரங்கி), 6340 என்றால் 7.5 செ.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கி பாக் 40. எண்ணை அடுத்து எஸ்-டி (St) இருந்தால் உறை எஃகு. காந்தம் வைத்தால் ஒட்டும்.

ஒரு இடத்தில் புதியவர்கள் ஏமாறுவார்கள். பிரைமரிலும் தனியாக ஆண்டு பொறித்திருக்கும். சுட்ட உறைகளை மறுபடி நிரப்பிப் பயன்படுத்தியதால் இரண்டும் வேறு ஆண்டாக இருப்பது சகஜம். உங்கள் குறிப்பேட்டில் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். உறையின் வயதுக்கு உறையில் அடித்த ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள்.