காமாலை வந்த பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள்

பிள்ளைக்கு இரண்டு மூன்று நாளாகக் காய்ச்சல், வாந்தி. சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது. அப்புறம் ஒரு நாள் சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போகிறது, கண்ணின் வெள்ளை மஞ்சளாகிறது. "காமாலைதான்" என்று பக்கத்து வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். அதற்கப்புறம் வீட்டில் செய்யும் காரியங்களில் பாதி பிள்ளைக்கு உதவாது. சிலது ஆபத்து.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வரும் காமாலைக்குப் பெரும்பாலும் காரணம் ஹெபடைடிஸ் ஏ வைரஸ். மலம் கலந்த தண்ணீர், உணவு வழியாக உள்ளே போய்க் கல்லீரலை வீங்க வைக்கிறது. உள்ளே போனபின் நோய் வெளியே தெரிய 15 முதல் 50 நாள் வரை ஆகும். அதனால் நேற்றுத் தின்ற பானிபூரியைத் திட்டிப் பயனில்லை. போன மாதம் எங்கே தண்ணீர் குடித்தான் என்று யோசிக்க வேண்டும்.

இந்த வைரஸைக் கொல்லத் தனி மருந்து கிடையாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தேவைப்படுவதும் இல்லை. சில வாரங்களில் உடம்பே சரிசெய்துகொள்கிறது. தானாகத் தீருகிற நோய்க்கு யார் எதைக் கொடுத்தாலும் பேர் அவருக்குத்தான். மந்திரித்தவர், மூக்கில் சாறு விட்டவர், மணிக்கட்டில் சூடு போட்டவர் எல்லோருக்கும் கைராசி வந்தது இப்படித்தான்.

கீழாநெல்லி கதை கொஞ்சம் வேறு. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் அதைச் சோதித்து லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதோடு அவர்கள் சோதித்தது உடம்பில் ஹெபடைடிஸ் பி வைரஸ் நெடுநாளாகத் தங்கிவிட்டவர்களை. உங்கள் பிள்ளைக்கு வந்திருப்பதோ ஏ. என் பயம் அந்தச் செடியைப் பற்றியது மட்டுமில்லை. பொட்டலத்தில் அதோடு வேறு என்னென்ன சேர்த்து அரைத்திருக்கிறார்கள் என்பது தெரியாது. "மூன்று நாள் மருந்து முடியும்வரை ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதே" என்று அதோடு ஒரு நிபந்தனையும் வரும். அந்த மூன்று நாளில்தான் சில பிள்ளைகளின் நிலைமை கைமீறுகிறது.

அடுத்தது பத்தியம். எண்ணெய் கூடாது, முட்டை கூடாது, மீன் கூடாது, மஞ்சள்தூள்கூட ஆகாது. வாரக்கணக்கில் கஞ்சியும் மோரும்தான். கண்ணில் தெரியும் மஞ்சள், கல்லீரல் வெளியேற்ற முடியாமல் தேங்கும் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப் பொருளால் வருவது. குழம்பில் போடும் மஞ்சளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கொழுப்பைக் குறைத்தால் நோய் சீக்கிரம் தீரும் என்பதற்கும் ஆதாரமில்லை. பட்டினி கிடக்கும்போது ரத்தத்தில் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொள்வது கல்லீரலின் வேலை. அந்தக் கல்லீரலே படுத்திருக்கும்போது பிள்ளையைப் பட்டினி போடுவது எவ்வளவு பெரிய தப்பு! பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள். காலையில் குமட்டல் குறைவாக இருக்கும். இட்லியோ முட்டையோ அப்போதே கொடுத்துவிடுங்கள். வேடிக்கை என்னவென்றால், வீட்டு தோசைக்கு எண்ணெய் விடப் பயப்படுகிறவர்களே குளிர்ச்சிக்கென்று ரோட்டோரக் கரும்புச்சாற்றை ஐஸ் போட்டு வாங்கித் தருவார்கள். நோய் வந்ததே அந்த மாதிரி வழியில்தான்.

காய்ச்சல் மருந்திலும் கவனம் வேண்டும். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கே 120 அல்லது 125 மில்லிகிராம்தான். சிரப்பின் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போய்விடும். அளவு மீறினால் கல்லீரலையே கெடுக்கும் மருந்து அது. காமாலை என்று தெரிந்தபின் டாக்டரைக் கேட்காமல் எந்த மருந்தும் வேண்டாம், கடையில் தரும் லிவர் டானிக் உட்பட.

நான் அதிகம் பார்க்கும் தவறு, பிலிரூபின் எண்ணையே பிடித்துக்கொண்டிருப்பது. "12 இருந்தது, 9-க்கு வந்துவிட்டது" என்று நிம்மதி. டாக்டர் கவனிப்பதோ, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற சோதனையை. உறைய வைக்கும் பொருள்களைச் செய்வது கல்லீரல்தான். அது திணறினால் ஐ.என்.ஆர். ஏறும். வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது பிள்ளையின் நடத்தையை. பகலெல்லாம் தூங்கி ராத்திரி முழுக்க விழித்திருக்கிறானா? சம்பந்தமில்லாமல் பேசுகிறானா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறானா? வாந்தி நிற்கவில்லையா? மூக்கிலோ ஈறிலோ ரத்தம் கசிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். இப்படி ஆவது நூற்றில் ஒருவருக்கும் குறைவுதான். ஆனால் அந்த ஒருவருக்கு மணிக்கணக்குதான் அவகாசம்.

மஞ்சள் தெரிந்ததும் தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பார்கள். வைரஸ் அதிகம் பரவுவது அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில். மஞ்சள் வந்து ஒரு வாரம் ஆனால் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். கழிப்பறைக்குப் போய்வந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கை கழுவ வேண்டும். சானிடைசர் இந்த வைரஸுக்குப் போதாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். காமாலை, தண்ணீர் வழியாகப் பரவும் இன்னொரு வைரஸான ஹெபடைடிஸ் ஈ-யால் வந்திருந்தால், அதே தண்ணீரைக் குடிக்கும் கர்ப்பிணிக்கு, அதுவும் கடைசி மூன்று மாதத்தில், உயிருக்கே ஆபத்தாகலாம்.

"காமாலை ஊசிதான் போட்டாச்சே" என்பார்கள் சிலர். பிறந்ததும், பிறகு 6, 10, 14 வாரங்களிலும் அரசு போடுவது ஹெபடைடிஸ் பி-க்கு. ஏ-க்கான ஊசி தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. ஒரு வயது முடிந்தபின் தனியாகப் போட வேண்டும். ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை, அல்லது வேறு வகையில் ஒரே தவணை. வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஏ வந்துவிட்டால், தொற்று பட்ட இரண்டு வாரத்துக்குள் தம்பி தங்கைக்குப் போட்டாலும் பலன் உண்டு. இன்றைக்கே அவர்களின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்.